திறக்க மறுத்த படம்

பாகூர்ச் சுற்றுவட்டாரத்தில் இறந்துபோன பெண்கள் எல்லாரும் ஒரே புடவையில்தான் இருப்பார்கள். அரக்கு நிறப் பட்டு, அகலமான சரிகைக் கரை, கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி.

காரணம் எளியது. கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் இருசப்பனின் கணினியில் அந்த ஓர் உடல்தான் இருந்தது. யார் இறந்தாலும் அவர் முகத்தை மட்டும் வெட்டி, அதன்மேல் ஒட்டிக் கொடுத்துவிடுவார். லில்லியின் வீட்டில் மாட்டியிருக்கும் பெரியம்மாவின் படமும் அப்படித்தான். சங்கிலியில் ஒரு சிலுவையைக் கூடுதலாக வரைந்திருந்தார், அவ்வளவே.

ஆகவே, மணிபாரதியின் வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தவுடன் லில்லிக்குப் புடவையை அடையாளம் தெரிந்தது. முகத்தைத்தான் தெரியவில்லை.

மணிபாரதி அவளோடு ஆறாம் வகுப்பில் படிப்பவன். அவனுடைய அம்மா உஷாராணி காய்ச்சலில் இறந்ததிலிருந்து அவன் பள்ளிக்கு வரவில்லை. அன்றன்று நடந்த பாடத்தைச் சொல்வதற்காக லில்லி நாள்தோறும் அவன் வீட்டுக்குப் போவாள். போனபின் பாடத்தைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

நாளை மறுநாள் பதினாறாம் நாள் காரியம். பூமாலை சாத்தி, எதிரே படையல் வைத்துக் கும்பிட ஒரு படம் வேண்டும். அதற்குத்தான் மாதிரிப் படம் ஒன்றை இருசப்பன் அச்சிட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார்.

மணிபாரதியின் அத்தை தையலம்மாள் படத்தைச் சுவரில் சாய்த்துவைத்துத் தள்ளி நின்று பார்த்தார்.

"பட்டுல எவ்ளோ லட்சணமா இருக்கா பாரு. இருந்தவரைக்கும் ஒரு நல்ல புடவை கட்டினாளா அவ?"

மணிபாரதியின் அப்பா அரிகரன் தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். "இதுவே இருக்கட்டும்கா" என்றார். வேறு எதைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார் போலிருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த மணிபாரதியின் மூன்று வயதுத் தங்கை பூவிழியைத் தையலம்மாள் கூப்பிட்டார்.

"இங்க வாடி தங்கம். இது யாரு, சொல்லு பாப்போம்."

பூவிழி விரலை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"தெர்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாசற்படிக்கே போய் உட்கார்ந்துகொண்டாள். உஷாராணி பால் சொசைட்டியில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் வரும் வழி அந்தப் படியிலிருந்து நன்றாகத் தெரியும்.

லில்லியும் மணிபாரதியும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

"மூஞ்சி ஏன்டா அப்படி மசமசன்னு இருக்கு?" என்று லில்லி மெதுவாகக் கேட்டாள்.

"பிரான்ஸ்லேருந்து குழந்தைவேல் மாமா முன்ன எப்பவோ வாட்ஸ்அப்ல அனுப்பின படம். அது கூட்டமா நின்னு எடுத்தது. அதுல அம்மா மூஞ்சி வெரல் நுனி அளவுதான் இருக்கும். அதைத்தான் பெருசு பண்ணியிருக்காரு."

"வேற படமே இல்லையா?"

"போட்டோன்னாலே அம்மா ஓடிடுவாங்க. பொங்கலுக்கு வந்தப்ப மாமாதான் வுடாம தொரத்தி எடுத்தாரு. எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டுப் போனாரு. ஆனா எந்தக் கம்ப்யூட்டர்லயும் அது தொறக்க மாட்டேங்குது. படமே கெட்டுப்போச்சுன்னு இருசப்பண்ணன் சொல்லிட்டாரு."

"மாமாவ மறுபடி அனுப்பச் சொல்லேன்."

"அந்தப் போனே ஒடைஞ்சிபோச்சாம். இனிமே பென்டிரைவ்ல இருக்கறதுதான்."

மணிபாரதி காலால் வேப்பங்கொட்டை ஒன்றை உருட்டினான். பிறகு சொன்னான்:

"எனக்கு அம்மா மூஞ்சி ஞாபகம் இருக்கும். பாப்பாவுக்கு இருக்காதில்ல. இந்தப் படத்ததான் வூட்ல மாட்டப்போறாங்க. பாப்பா பெருசானா இதுதான் அம்மான்னு நெனைச்சிக்கும்."

லில்லி வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பென்டிரைவைக் குடுடா."

"உனக்கு இதெல்லாம் பண்ணத் தெரியுமா?"

"தெரியாது. நெஜமாவே கெட்டுப்போச்சான்னு மட்டும் பாக்கறேன்."

பள்ளிக் கணினி அறையில் லில்லிக்கென்று ஒரு கணினி உண்டு. அதில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள் என்பதால் அது அவளுடையதாயிற்று. அதன் மவுசுக் கம்பியை ஏதோ கடித்துவிட்டது. புதியது கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. எனவே சுட்டித் திறக்கும் வேலை எதுவும் லில்லிக்குக் கிடையாது. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, செய்ய வேண்டியதைக் கட்டளையாகத் தட்டச்சு செய்வாள். கணினியும் செய்யும். எழுத்து ஒன்று பிசகினாலும் செய்யாது. ஆனால் கோபித்துக்கொள்ளாமல் எங்கே பிசகு என்று சொல்லும். அந்தக் குணம் லில்லிக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் மதிய உணவு இடைவேளையில் அவள் கணினி ஆசிரியர் சேவியரிடம் போய் விவரத்தைச் சொன்னாள். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

பென்டிரைவைச் செருகியதும் லில்லி எதையும் திறக்கவில்லை. முதலில் அதிலிருந்த எல்லாவற்றையும் கணினிக்குள் ஒரு நகல் எடுத்தாள். பிறகு பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா கழட்டிட்ட?"

"வேற எங்கயும் இந்தப் படம் இல்ல சார். நான் தப்பு பண்ணா நகல்ல பண்ணிக்கறேன்."

சேவியர் சார் தலையசைத்தார்.

கோப்புகளின் பெயர்களைத் திரையில் வரிசையாக வரச் சொன்னாள். பெரும்பாலான பெயர்களின் இறுதியில் அவள் பார்த்திராத நான்கு எழுத்துகள் இருந்தன. சில பெயர்களில் மட்டும் வழக்கமான ஜேபெக் முடிவு இருந்தது. அவற்றில் ஒன்றைத் திறக்கச் சொன்னாள். 'இது ஜேபெக் படம் அன்று' என்ற பொருளில் கணினி மறுத்துவிட்டது.

லில்லிக்குப் புரிந்தது. "சார், இருசப்பண்ணன் பேரை மட்டும் மாத்தியிருக்காரு."

"பேர மாத்தினா ஆளு மாறிடுமா?" என்றார் சேவியர் சார். "என் பேரை ஆறுமுகம்னு மாத்தி எழுதினாலும் நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குத்தான போவேன்?"

"இத எப்படி மாத்தறது சார்?"

"எனக்கும் தெரியாதும்மா. தேடிப் பாக்கலாம்."

அவருடைய போனில் இருவரும் தேடிப் படித்தார்கள். லில்லி புரிந்துகொண்டது இவ்வளவுதான்: அந்தவகைப் போன்கள் படத்தை வேறொரு முறையில் நெருக்கமாக மடித்து வைக்கின்றன. இடம் மிச்சமாகிறது. ஆனால் அந்த மடிப்பைப் பிரிக்கத் தெரியாத கணினிக்கு அது படமே இல்லை, வெறும் மூட்டை. படம் கெடவில்லை. மடிப்பைப் பிரித்து, எல்லாருக்கும் பழக்கமான முறையில் மடித்துத் தரும் சிறிய நிரல் ஒன்று இருக்கிறது.

சேவியர் சார் தம் போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தார். நிரலை நிறுவக் கணினி கேட்ட கடவுச்சொல்லை மட்டும் லில்லியைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தாமே தட்டினார். நிரல் வந்து இறங்கியது. லில்லி முதல் கோப்பின் பெயரைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள்.

heif-convert IMG_0412.heic padam.jpg

'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்றது கணினி.

அவள் கோப்பின் பெயரை மறுபடியும் பார்த்தாள். கடைசி நான்கு எழுத்துகளும் அங்கே பெரிய எழுத்தில் இருந்தன. தான் சிறிய எழுத்தில் தட்டியிருந்ததை மாற்றினாள். இந்தமுறை கணினி ஒன்றும் மறுக்கவில்லை. எழுதி முடித்ததாக ஒரு வரி மட்டும் வந்தது.

லில்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு படத்தைத் திறக்கச் சொன்னாள்.

திரை முழுவதும் ஓர் எருமையின் பின்புறம் தெரிந்தது. வாலில் ஒட்டியிருந்த வைக்கோல்கூட மிகத் தெளிவாக இருந்தது.

"படம் கெட்டுப்போகல" என்றார் சேவியர் சார், சிரிக்காமல்.

இப்படி ஒவ்வொன்றாக மாற்றினால் மணி அடித்துவிடும். எனவே, 'இந்தக் கோப்புறையிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் எடுத்து இதே வேலையைச் செய்' என்ற பொருளில் ஒரே வரியாக ஒரு கட்டளையைத் தட்டினாள். கறுப்புத் திரையில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின.

பிரான்சிலிருந்து வந்த மாமாவுக்கு எருமைகள் மிகவும் பிடித்திருந்தன என்பது தெரிந்தது. கரும்புத் தோட்டமும் பிடித்திருந்தது. பாகூர் ஏரி வெவ்வேறு வெயிலில் வந்தது. மாமாவின் சொந்தக் கட்டைவிரலும் சில படங்களில் இருந்தது.

பிறகு உஷாராணி வந்தார்.

பால் சொசைட்டியிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறார். நீலப் பூப்போட்ட நூல்புடவை. யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியிருக்கிறார். போட்டோ எடுக்கிறார்கள் என்று தெரிவதற்கு முந்தைய நொடி. ஓடத் தொடங்கவில்லை, சிரிப்பு மட்டும் தொடங்கியிருக்கிறது. கொண்டையில் ஒரு நீலப் பேனா செருகியிருக்கிறது.

லில்லி அந்தப் பேனாவை மறந்தே போயிருந்தாள். பாலளவை எழுதி முடித்தவுடன் அதைக் கொண்டையில் செருகிக்கொள்வதும், வீட்டுக்கு வந்து வீடு முழுவதும் தேடுவதும் உஷாராணியின் வழக்கம். 'பேனாவக் காணோமே பூவிழி' என்பார். பூவிழி ஓடிவந்து அவர் மடியில் ஏறி, கொண்டையைத் தொட்டுக்காட்டுவாள். உஷாராணி நாள்தோறும் அதே அளவுக்கு ஆச்சரியப்படுவார்.

மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. சேவியர் சார், "இன்னொரு நகலும் எடுத்து வெச்சிக்கம்மா" என்றார்.

மாலையில் லில்லியும் மணிபாரதியும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள்.

"அட, தொறந்துட்டீங்களா?" என்றார் இருசப்பன். "என் நம்பருக்கு வாட்ஸ்அப்ல தட்டி வுடும்மா."

"வேணாண்ணே. அதுல வந்தா மறுபடியும் சுருங்கிடும். பென்டிரைவ்லயே இருக்கு, எடுத்துக்குங்க."

இருசப்பன் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பென்டிரைவைச் செருகினார். படம் திறந்தது. அவர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். தொழில்காரர் அல்லவா, நல்ல படத்தைக் கண்டால் தெரியும்.

"உங்கம்மாதான்பா இது. எனக்கே அவங்க குரல் கேக்குது." பின்பு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, மூஞ்சிய மட்டும் வெட்டிக்கறேன். பட்டு ரெடியா இருக்கு. அந்தப் பேனாவ எடுத்துடலாம்."

மணிபாரதி முதன்முறையாகக் கொஞ்சம் சத்தமாகப் பேசினான். "எதையும் எடுக்காதீங்கண்ணே. புடவையும் இதுவே இருக்கட்டும், பேனாவும் இருக்கட்டும்."

"உங்க அத்தை என்னைத்தான் வைவாங்கடா."

"நான் சொல்லிக்கறேன்."

அத்தை உண்மையிலேயே வைதார். சட்டம் போட்டு வந்த படம் அன்று மாலையே கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கியது.

"காரியத்துக்கு வெக்கிற படத்துல பேனாவா? ஊர்ல இன்னா சொல்லுவாங்க? அந்த இருசப்பனுக்குக் கண்ணு இல்லையா? அரிகரா, நீயாவது கேளுப்பா."

அரிகரன் தலையை நிமிர்த்திப் படத்தைப் பார்த்தார். மறுபடியும் தலையைக் கவிழ்த்துக்கொள்ளவில்லை.

மணிபாரதி தங்கையின் கையைப் பிடித்து வாசற்படியிலிருந்து அழைத்து வந்தான். 'இது யாரு' என்று அவன் கேட்கவில்லை. பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டு, அம்மா வழக்கமாகச் சொல்வதையே சொன்னான்:

"பேனாவக் காணோமே பூவிழி."

பூவிழி படத்தை நிமிர்ந்து பார்த்தாள். வாயிலிருந்த விரலை எடுத்தாள். கட்டிலின் விளிம்பில் ஏறி நின்று, எக்கி, சட்டத்தின் கண்ணாடியில் அந்தக் கொண்டையை ஈர விரலால் தொட்டாள்.

"இங்க இருக்கும்மா" என்றாள்.

தையலம்மாள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார். அரிகரன் எழுந்துவந்து மகளைத் தூக்கிக்கொண்டார். அவர் அழுவதை அன்றுதான் லில்லி பார்த்தாள். அவர் அழுதது அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

மறுநாள் காரியத்துக்கு லில்லியும் வந்து பின்வரிசையில் நின்றாள். படத்துக்கு மல்லிகை மாலை சாத்தியிருந்தார்கள். பூ கொண்டைப் பக்கம் விழாதபடி யாரோ ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். படையலில் சோறும் வடையும் பழமும், மடிப்புக் கலையாத புதுப்புடவை ஒன்றும் இருந்தன. புடவையின்மேல் தையலம்மாள் தம் கையாலேயே ஒரு நீலப் பேனாவை எடுத்து வைத்தார்.

அந்தப் பேனாவுக்கு மூடியில்லை. உஷாராணி இருந்த காலத்திலும் அதற்கு மூடி இருந்ததில்லை.