பின்னால் ஒருத்தர்

டிரில் மாஸ்டர் நின்ற பிறகும் பின்னால் ஒரு ஊன்றுகோல் கல்லில் தட்டிக்கொண்டே வந்தது. அவருடைய கோலின் எதிரொலி என்றால் அவர் நின்றதும் நின்றிருக்க வேண்டுமே.

பின்னால் யாரும் கிடையாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆள் இருப்பதாகப் பொய் சொன்னதே அவர்தான்.

மலையேற வருகிறவர்களை நம்பியே பிழைக்கிற சின்ன ஊர் அது. காலையில் வேனை விட்டு இறங்கியதும் வழிகாட்டிப் பெண் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். மேலே பனி மூடினால் பக்கத்து ஆள் முகம்கூடத் தெரியாது. அவள் முன்னாலிருந்து கேட்பாள், கடைசியில் வருபவர் 'நான்தான்' என்று குரல் கொடுக்க வேண்டும். கூட வந்திருந்த மச்சினன் உடனே கேலியை ஆரம்பித்துவிட்டான். அத்தான் விசில் ஊதினால் பள்ளிக்கூடமே ஓடும், அத்தானே ஓடினால் விசில் ஊதுவது யாராம் என்றான். மனைவி சால்வைக்குள் முகத்தை மறைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது.

பாதி ஏற்றத்திலேயே நெஞ்சு துருத்தி போல இரைத்தது. மச்சினன் முந்தினான், மனைவி முந்தினாள், கூட வந்த ஏதோ ஒரு தம்பதியும் முந்திப் போனார்கள். ஈரப் பாசியும் அழுகிய இலையும் நாறும் ஒற்றையடிப் பாதையில், பனி இறங்கி இறங்கி, கடைசியில் தன் செருப்பு நசுக்கும் சேற்றின் சத்தமும் தன் இரைப்பும் மட்டுமே மிஞ்சியிருந்தபோது, மேலேயிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"கடைசி யாரு?"

கடைசியில் ஓடி வந்த பிள்ளைகளை இன்னொரு சுற்று விரட்டியே காலம் கழித்தவர். 'நான்தான்' என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"எனக்குப் பின்னாடி ஒருத்தர் வர்றார்மா."

சொல்லி வாயை மூடவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், தணிந்த, மரியாதையான குரலில், "நான்தான்" என்று கேட்டது.

சரி, வாங்க என்றாள் வழிகாட்டி. தனியாக வந்த யாரோ சேர்ந்துகொண்டார் என்று நினைத்திருப்பாள்.

அதற்கப்புறம்தான் அந்தத் தட்டல்.

டொக். டொக். மாஸ்டர் நடந்தார். அதுவும் நடந்தது. வேகமாக நடந்தார். பாறை ஓரம் மனைவி மூச்சு வாங்க நின்றிருந்தாள். அவளிடம் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் சொன்னால் அந்தப் பொய்யையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"நீ மெதுவா வா," என்று அவளை இடித்துக்கொண்டு முன்னே போனார்.

மேலே, பனிக்கு வெளியே, தகரக் கூரை போட்ட ஓய்விடம். மற்றவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். பரவாயில்லையே அத்தான், அக்காவையே முந்திட்டீங்க என்றான் மச்சினன். மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

தட்டல் நின்றது.

பனியின் விளிம்பில் மனைவி தெரிந்தாள். பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டி வருகிறவள் போல ஒரு கையைப் பின்னால் நீட்டியிருந்தாள். முழங்கைக்கு அப்பால் வெறும் வெள்ளை.

"இவருக்கு ரொம்ப மூச்சு வாங்குது. யாராவது வந்து ஒரு கை கொடுங்களேன்."

அந்த மூச்சு மாஸ்டருக்கும் கேட்டது. இரைப்பு. நடுவே ஒரு கீச்சு இழுப்பு. அவருடைய மூச்சேதான். அவரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மச்சினன் எழுந்தான். போகாதே என்றால் ஏன் என்பான். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். மாஸ்டர் குனிந்து செருப்பில் ஒட்டிய சேற்றைக் கோலால் சுரண்டினார்.

"பிடிச்சுக்கோங்க சார்," என்று மச்சினன் பனிக்குள் கையை விட்டான்.

பிடித்துக்கொண்டது.

அக்கா, தம்பி இருவர் கைகளும் விறைத்து நீண்டன. முகம் இந்தப் பக்கம் இருக்க, இருவரும் ஓர் அடி பின்னால் போனார்கள். இன்னோர் அடி. மச்சினன் உதட்டில் பாதிச் சிரிப்பு அப்படியே இருந்தது. மனைவி சிரிக்கவில்லை. கூச்சலும் போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புருஷனையே பார்த்தாள். பின்னால் வந்தது ஆளில்லை என்று அவருக்கு முன்பே தெரியும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. வெள்ளை அவள் தோளை மூடியது, கழுத்தை மூடியது. அந்தக் கண்கள் மட்டும் கடைசி வரை அவரை விட்டு அகலவேயில்லை.