நேராக்கிய கட்டிடம்

கேமராவை அண்ணாந்து பிடித்திருந்தும் சுவர்கள் நேராக நின்றன.

அப்படி நிற்கக் கூடாது. தெருவிலிருந்து உயரமான கட்டிடத்தை அண்ணாந்து படமெடுத்தால் இரண்டு பக்கச் சுவர்களும் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். கட்டிடமே பின்னால் சாய்வது போலத் தெரியும். அந்தக் கோடுகளைக் கணினியில் இழுத்து நிமிர்த்துவதுதான் பதினைந்து வருடமாக அவனுக்குச் சோறு போடும் வேலை. போன வருடம் இதே ஆறு மாடிக் கட்டிடத்தின் விளம்பரப் படத்தையும் அப்படித்தான் நிமிர்த்தினான். உச்சியைக் கொஞ்சம் கூடுதலாகவே முன்னால் இழுத்துவிட்டோமோ என்று அன்றே ஓர் உறுத்தல். யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அக்கா நான்காம் மாடியில் வீடு வாங்கினாள்.

காலையில் அவள் போனில் அழைத்திருந்தாள். "டேய் கோணல், கதவு தானா தொறந்துக்குதுடா. கட்டில் ஜன்னல் பக்கமா நகருது. ஒரு படம் எடுத்துக் குடு, கட்டினவன் மூஞ்சில விட்டெறியறேன்."

சின்ன வயதில் படத்துக்கு நிற்கும்போதெல்லாம் அவன் தலை ஒருபக்கம் சாயும். அக்காதான் இரண்டு விரல்களைத் தாடைக்கு அடியில் கொடுத்து நேராக்குவாள். அப்போது வைத்த பெயர்.

மழைக்கு முந்தைய புழுக்கம். ஈரச் சிமெண்டின் வாடை. பெரிய மரப்பெட்டியை யாரோ மெதுவாக நகர்த்துவது போன்ற முனகல், கட்டிடத்தின் உள்ளிருந்து, விட்டு விட்டுக் கேட்டது. லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டினான். மறுபடி பார்த்தான்.

இப்போது கோடுகள் மேலே விரிந்திருந்தன.

அப்படியென்றால் உச்சிதான் அவனுக்கு அருகில் இருக்கிறது. கட்டிடம் அவன்மேல் குனிகிறது.

போனை எடுத்தான். "அக்கா, குழந்தையைத் தூக்கிட்டு உடனே கீழ வா."

"எதுக்குடா? இப்பதான் எல்லாம் சரியாச்சு. கட்டில் நகரல. கதவும் சும்மா இருக்கு."

பேசிக்கொண்டே பால்கனிக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. கம்பியைப் பிடிக்கவில்லை. சாய்ந்த சுவரோடு சுவராக, அதே சாய்வில், சாவகாசமாக நின்றாள். தோள்வழியே முன்னால் விழுந்த பின்னல் மட்டும் அவள் உடம்பை விட்டு விலகி, வெறும் காற்றில் தொங்கியது.

அவனை உற்றுப் பார்த்தாள்.

"நீ ஏன்டா சாஞ்சு நிக்கிற?"

மற்ற மாடிகளில் கதவுகள் திறந்தன. ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். யாரும் எதையும் பிடிக்கவில்லை. கொடியில் காய்ந்த துணிகள் எல்லாம் அவனை நோக்கித் தொங்கின.

"பாவம், ரொம்பச் சாஞ்சிருக்காரு," என்றது ஒரு குரல், கனிவாக.

ஓடியிருக்கலாம். குழந்தை அங்கே இருந்தது. போனைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான்.

"குழந்தையையாவது குடு அக்கா."

முனகல் நின்றது.

வெளிச்சம் போயிற்று. வானம் இருந்த இடத்தில் சுவர். அவன் கால் தரையை விட்டு அசையவில்லை. நான்காம் மாடியின் பால்கனி அவன் முகத்துக்கு நேராக இருந்தது.

பின்னலின் நுனி நெற்றியில் பட்டது.

குழந்தை சிரித்தது.

பிறகு இரண்டு விரல்கள் அவன் தாடைக்கு அடியில் வந்து, மெதுவாகத் தள்ளத் தொடங்கின.