லீவர் தானாக நகரவில்லை

நட்டு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. தவழ்கிற வயதில், அம்மாவின் ஒர்க்‌ஷாப்பில் கண்ணில் பட்ட நட்டையெல்லாம் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வாளாம். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வருகைப் பதிவு முடிந்ததும் டீச்சர்கூட அவளை நட்டு என்றுதான் கூப்பிடுவார்.

அம்மா வண்டி மெக்கானிக். முன்பக்கம் ஒர்க்‌ஷாப், பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு கதவு. கிரீஸ் கையோடு அந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்பது அம்மா தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். நட்டுக்கும் ஒரு சட்டம் உண்டு. வேடிக்கை பார்க்கலாம், எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம், அடுத்தவர் வண்டியைத் தொடக் கூடாது.

அந்த வாரம் ஒர்க்‌ஷாப்பில் மாட்டு டாக்டரம்மாவின் ஏடிவி நின்றது. பைக் போலக் கைப்பிடி, டிராக்டர் போலப் பருத்த நாலு சக்கரம். சேறு, மணல், மேடு, பள்ளம் எதுவானாலும் ஏறி இறங்கிவிடும். எஞ்சின் எப்போதும் நாலு சக்கரங்களையும் சேர்த்தே சுழற்றுவதால் வந்த பலம் அது.

தொல்லையும் அதிலேயேதான் இருந்தது. தார் ரோட்டில் வளைவு வந்தால் முன் சக்கரங்கள் முரண்டு பிடிக்கும். கைப்பிடியை மல்லுக்கட்டித்தான் திருப்ப வேண்டும். டாக்டரம்மாவின் வலது தோளில் ஒரு தடவை எருமை உதைத்திருந்தது. ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டினால், சாயங்காலம் அவரால் தலை வாரக்கூட கையைத் தூக்க முடியாது.

“ரோட்டுல போகும்போது முன் சக்கரம் ரெண்டையும் சும்மா உருள விட முடியுமா? சேத்துல இறங்கும்போது மட்டும் நாலும் வேணும்” என்று அவர் கேட்டார்.

அம்மா இரண்டு நாள் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார். பிறகு, முன் சக்கரங்களுக்குப் போகிற இரும்புத் தண்டை நடுவில் வெட்டினார். வெட்டின இடத்தில் உள்ளே பல் வைத்த ஒரு வளையத்தைப் பொருத்தினார். வளையம் முன்னால் நகர்ந்தால் இரண்டு துண்டுகளும் கோத்துக்கொள்ளும், நாலு சக்கரமும் இழுக்கும். பின்னால் நகர்ந்தால் பிடி விட்டுவிடும், பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். வளையத்தை நகர்த்த ஒரு கேபிள். கேபிளை இழுக்க, சீட்டுக்குக் கீழே ஒரு சின்ன லீவர். வண்டியை நிறுத்திவிட்டு லீவரைத் தள்ள வேண்டும். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான் வேலை.

வேலை முடிந்த அன்று நட்டுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றியே பேசினாள். நெட்டையனும் கண்ணாடியும் நம்பவில்லை. நெட்டையன் வகுப்பிலேயே உயரமானவன். கண்ணாடி, மூக்கில் நிற்காத மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டே பேசுகிறவள். வண்டியின் பாதியை எப்படி நிறுத்த முடியும் என்று இருவரும் சிரித்தார்கள். வந்து பாருங்கள் என்று நட்டு அவர்களைக் கையோடு கூட்டிவந்தாள்.

வாசலில் ஏடிவி புறப்படத் தயாராக நின்றது. மழை வரும்போல இருந்ததால், அம்மா லீவரை நாலு சக்கரத்தில் வைத்து, டாக்டரம்மாவிடமும் அதைச் சொல்லியிருந்தார். டாக்டரம்மா உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார்.

நட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்து லீவரைப் பின்னால் இழுத்தாள். டக்.

“இப்போ ரெண்டு சக்கரம்” என்றாள்.

கண்ணாடியின் வாய் பிளந்தது. நெட்டையன் தரையில் உட்கார்ந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். நட்டுக்கு உயரம் ஒரு சாண் கூடியதுபோல இருந்தது. லீவரைத் திரும்ப முன்னால் தள்ளலாம் என்று கையை நீட்டினாள்.

அப்போது டாக்டரம்மாவின் போன் அடித்தது. பால்காரரின் பசுவுக்குப் பிரசவ வலி, கன்றின் கால் மடங்கிச் சிக்கியிருக்கிறது, உடனே வர வேண்டுமாம். ஈரக் கையோடு மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா வெளியே ஓடிவந்தார். பின்னாலேயே அம்மாவும் வந்தார். நட்டு துள்ளி நகர்ந்து கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தது. “டாக்டரம்மா, லீவர்” என்று இரண்டு வார்த்தை போதும். ஆனால் தொடக் கூடாததைத் தொட்டதற்கு, நெட்டையனுக்கும் கண்ணாடிக்கும் முன்னால் அம்மா திட்டுவார். அந்த நினைப்பில் நட்டு வாய் திறக்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பியது.

வண்டி போன திசையைப் பார்த்து அம்மா சிரித்தார். இனி எந்தச் சேறானாலும் கவலை இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். நட்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது.

மறுநாள் பள்ளி இல்லை. காலையில் ஒரு டிராக்டர் ஏடிவியை இழுத்துக்கொண்டு வந்தது. வண்டி முழுக்கச் சேறு. டாக்டரம்மாவின் காலில் இரண்டு வேறு வேறு செருப்புகள் இருந்தன.

வாய்க்கால் ஓரச் சேற்றில் வண்டி சிக்கிக்கொண்டதாம். பின் சக்கரங்கள் மட்டும் சுற்றிச் சுற்றிப் பள்ளம் பறித்தனவாம். நாலும் இழுக்கிறது என்று நம்பி அவர் முறுக்கிக்கொண்டே இருந்தாராம். கடைசியில் வண்டியை விட்டுவிட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு செருப்பைச் சேற்றில் தொலைத்துவிட்டு, மழையில் நடந்தே போயிருக்கிறார்.

“கன்னு பொழைச்சிடுச்சு. ஆனா ரொம்ப நேரம் சிக்கிக் கெடந்ததால நிக்கக்கூட தெம்பு இல்ல. பசுவும் எழுந்திருக்கல” என்றார். “காலையில பார்த்தா லீவர் பின்னால இருக்கு. தானா நழுவியிருக்கு போல.”

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். மறுபடியும் சொன்னார். வேலையில் எங்கோ கோட்டை விட்டிருக்கிறேன், உங்களை நடுவழியில் விட்டுவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அம்மா யாரிடமும் அப்படித் தலை குனிந்து நட்டு பார்த்ததில்லை. தன் காதுகள் சுடுவதுபோல இருந்தது அவளுக்கு. கதவைத் தாண்டி வீட்டுக்குள் போய், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். தாகம் எடுக்கவில்லை.

அன்று முழுக்க அம்மா வண்டியைப் பிரித்துப் போட்டார். கேபிளை இழுத்துப் பார்த்தார். வளையத்தின் பல்லை டார்ச் அடித்துப் பார்த்தார். திரும்பப் பூட்டி வண்டியைக் குலுக்கினார், சக்கரத்துக்கு அடியில் கல் வைத்து ஏற்றி இறக்கினார். லீவர் அசையவில்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதும் அம்மாவின் விரல்கள் மேசை மேல் லீவரைத் தள்ளுவதுபோல நகர்ந்துகொண்டிருந்தன.

நட்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். யாராவது அதைத் தொட்டிருக்கலாமோ என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

“யார் தொடப் போறாங்க? வாசல்ல நீதானே இருந்தே. நீ தொட மாட்டே” என்றார் அம்மா.

திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நட்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே, கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றார். தெரியாத கோளாறோடு வண்டியை வெளியே அனுப்ப மனசு வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தண்டைப் பழையபடி ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

டாக்டரம்மா சரி என்று தலையை ஆட்டினார். இடது கை தானாகப் போய் வலது தோளைத் தடவியது.

அம்மா ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் மாட்டினார்.

“கழட்டாதேம்மா” என்றாள் நட்டு. “அது தானா நகரல. நான்தான் இழுத்தேன்.”

ஸ்பேனர் நின்றது. நட்டு நடந்ததைச் சொன்னாள். தரையில் ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. கறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அவங்க கிளம்பும்போது லீவர் பின்னால இருந்தது உனக்குத் தெரியுமா?”

பொய் சொல்ல அந்த இடத்தில் கொஞ்சம் வழி இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்.

“தெரியும். கூப்பிட்டா நீ நெட்டையன், கண்ணாடி முன்னாடி திட்டுவேன்னு பயந்து கூப்பிடல.”

அம்மா ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையில் கிரீஸ் இருப்பதையும் மறந்து நெற்றியைத் தேய்த்தார். கருப்பாக ஒரு கோடு விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

“கன்னு செத்திருந்தா, நான் இந்த லீவரைத்தான் காரணம் சொல்லியிருப்பேன்” என்றார் டாக்டரம்மா. “உங்க அம்மாவும் ஆமான்னு தலையாட்டியிருப்பாங்க. அதை நினைச்சுப் பாரு.”

நட்டு நினைத்துப் பார்த்தாள். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்து நின்றது. டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அம்மாவிடம் கேட்கும்போது பாதி வார்த்தைதான் வந்தது.

டாக்டரம்மாவின் மருந்துப் பை சீட்டின் மேல் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மாத்திரை டப்பா தெரிந்தது. நட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அதைத் தொடலாமா என்று கேட்டாள். தொடு என்ற பிறகுதான் எடுத்தாள்.

“இந்த மூடியைச் சும்மா திருகினா திறக்காது. அழுத்திக்கிட்டே திருகணும். சின்னப் பிள்ளைங்க திறந்துடக் கூடாதுன்னு இப்படி வச்சிருக்காங்க” என்றாள். “லீவரும் அப்படி இருந்தா, என்னை மாதிரி கை சும்மா இல்லாதவங்க இழுத்தா வராது.”

அம்மா டப்பாவை வாங்கி மூடியை அழுத்தித் திருகினார். இன்னொரு தடவை திருகினார். பிறகு எழுந்துபோய்ப் பழைய சாமான் பெட்டியைக் கிளறினார். ஒரு சின்ன ஸ்பிரிங்கும் ஒரு பின்னும் கிடைத்தன. லீவரின் தலையில் பொத்தான்போல ஒன்றைப் பொருத்தினார். பொத்தானை அழுத்தினால்தான் பின் மேலே ஏறும், லீவர் நகரும். சும்மா இழுத்தால் அசையாது. டாக்டரம்மா இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அழுத்தி இழுத்தார். டக்.

பிறகு ஒர்க்‌ஷாப் முற்றத்தில் ஒரு வட்டம் அடித்தார். கைப்பிடி ஒரு கையிலேயே திரும்பியது.

“பால்காரர்கிட்ட நானே சொல்றேன்” என்றாள் நட்டு, வண்டி வந்து நின்றதும். யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. அம்மா அவளைப் பார்த்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அவளோடு நடந்து போனார். வாய்க்கால் அருகே சேறு வழுக்கியபோது நட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டார். சேற்றைத் தாண்டிய பிறகும் விடவில்லை.

பால்காரர் கொட்டகைக்குள் இருந்தார். பசு படுத்திருந்தது. அதன் பக்கத்தில் வைக்கோல் மேல், காதுகள் மட்டும் பெரிதாக ஒரு கன்று கிடந்தது. நட்டு வாசலிலேயே நின்று, ஒன்று விடாமல் சொன்னாள்.

பால்காரர் தலையைச் சொறிந்தார்.

“நேத்து அந்தம்மா வந்ததும் தாறுமாறா கத்திட்டேனே. வண்டி சிக்கிடுச்சுன்னு சொன்னாங்க, நான்தான் நம்பல” என்றார். “நீ சொல்லலைன்னா அவங்க பொய் சொன்னாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன். நாளைக்கு நானும் போய் மன்னிப்புக் கேக்கணும்.”

அவர் நட்டுவை முறைத்தார். கோபம் முழுதும் போய்விட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு சின்ன வாளியை அவள் பக்கம் நகர்த்தினார். அதில் பசுவிடமிருந்து கறந்த முதல் பால் இருந்தது. கன்றுக்கு எழுந்து குடிக்கத் தெம்பு இல்லை, இதுவரை வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித்தான் விட்டிருக்கிறேன், விரலைப் பாலில் நனைத்து வாயில் வைத்துப் பழக்க வேண்டும், அதற்குப் பொறுமையாக ஒரு ஆள் வேண்டும் என்றார்.

நட்டு வைக்கோல் மேல் உட்கார்ந்தாள். விரலை நனைத்து நீட்டினாள். கன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி நனைத்து நீட்டினாள். மறுபடியும் திருப்பிக்கொண்டது. அவள் விடவில்லை. பால் முழங்கை வரை வழிந்தது, கால் மரத்துப்போனது. வெகுநேரம் கழித்து, சொரசொரப்பான ஒரு நாக்கு அவள் விரலைச் சுற்றிக்கொண்டது.

“குடிக்குதும்மா” என்றாள் மெதுவாக.

அம்மா அவள் பக்கத்தில் வைக்கோலில் வந்து உட்கார்ந்து, வாளியை அவள் கைக்கு எட்டும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.