இராசாத்தி நடக்கும் பாலம்

“தங்கச்சி, பிள்ளையத் தூக்கிட்டு நடந்தா எல்லாருக்கும் புண்ணியம்.”

இந்த ஒரு வசனத்துக்காக நோபேட் தன் நாக்கைப் பிறகு எத்தனை தரம் திட்டினான் என்று அவனுக்கே தெரியாது. கண்டதும் காதல் கொள்ளப்போகிறவளை யாராவது ‘தங்கச்சி’ என்று கூப்பிடுவார்களா... கூப்பிட்டான்.

வவுணதீவுக்குப் போகும் பாலம். இராணுவச் சோதனைச் சாவடி தாண்டினால் அக்கரை வரை சைக்கிளை உருட்டித்தான் போகவேண்டும். ஒற்றை வரிசை. முந்தக் கூடாது; முந்துகிறவனைச் சிப்பாயின் துவக்கு திரும்பிப் பார்க்கும். ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை பாலத்தில் இருந்த நாற்பது பேரும் முன்னால் போன மூன்று வயதுக்காரியின் வேகத்தில்தான் நடந்தார்கள். பெயர் இராசாத்தி. இரண்டு அடி வைப்பாள்... நிற்பாள்... வாவியில் கொக்கு தெரிந்தால் குந்திவிடுவாள்.

அவள் கையைப் பிடித்திருந்த மங்கையற்கரசி திரும்பினாள். தூறலில் ஒரு துளி, விழவா வேண்டாமா என்று இமையில் யோசித்துக்கொண்டிருந்தது. நோபேட்டுக்குத் தையல் மெஷின் திருத்தத் தெரியும். கண்களில் முன்அனுபவம் கிடையாது.

“வேதக்காரருக்குப் பொறுமை கூட எண்டு சொல்லுவாங்க.” அவன் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள். “உங்கட பங்க ஆரும் களவெடுத்திட்டாங்களோ?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறென்று போய்விட்டாள்.

அடுத்த செவ்வாயும் நோபேட் வந்தான். அக்கரையில் திருத்த மெஷின் எதுவும் இல்லை. சாவடியில் கேட்டால் எண்ணெய்ப் போத்தலைக் காட்டி “மெஷின் வேலை” என்பான். அக்கரையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, ஐந்து மணிக்குச் சாவடிக் கேற் பூட்டுமுன் திரும்புவான்.

அவளும் வந்தாள்... பிள்ளை இடுப்பில். அடுத்த கிழமையும் இடுப்பில். பாலம் ஐந்து நிமிடத்தில் முடிந்துபோனது. கேட்டது கிடைத்தும் இப்படி ஏங்கிய மனிதனை அந்த வாவி கண்டிருக்காது. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு நனைந்த பின்னலும், தோளுக்கு மேலால் அவனை முறைக்கும் இராசாத்தியும்தான்.

நாலாம் கிழமை வாயைத் திறந்தான்.

“பிள்ளைய நடக்க விடுங்களன்.”

“நீங்கதானே தூக்கச் சொன்னீங்க.”

“அது... அண்டைக்கு...”

“அண்ணன்ட மகள். காய்ச்சல் வந்து காலில பெலன் இல்லாமப் போச்சு. நடக்க விடு, தூக்காத எண்டு ஆஸ்பத்திரியில கிழமைக்குக் கிழமை ஏசுறாங்க. தூக்கு எண்டு பாலத்தில ஏசுறாங்க. நான் ஆருட சொல்லைக் கேக்கிற?”

குரல் கடைசியில் உடைந்தது. நோபேட் நின்றுவிட்டான். குனிந்தான். சைக்கிள் செயினைக் கழற்றிவிட்டான்.

“செயின் கழண்டு போச்சு, கொஞ்சம் பொறுங்க,” என்று பின்வரிசைக்குச் சொன்னான். ஏச்சு முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. மெஷின் திருத்துறவனாம், ஒரு செயின் போடத் தெரியாதாம். மங்கையற்கரசி அவன் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்... மெதுவாகப் பிள்ளையை இறக்கிவிட்டாள்.

அதன்பிறகு செவ்வாய்தோறும் செயின் கழன்றது. இராசாத்தி நடந்தாள். இரண்டடி நாலடியானது. பேச்சு மட்டும் வளரவில்லை. அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் ரோசம்.

மழை கொட்டிய ஒரு செவ்வாய், சாவடிச் சிப்பாய் நோபேட்டின் பையைச் சோதித்துவிட்டு மூடவில்லை.

“கிழமைக்குக் கிழமை மெசின். எந்த வீடு?”

நோபேட்டிடம் சொல்ல ஒரு வீடும் இல்லை. எண்ணெய்ப் போத்தலை இன்னொரு தரம் தூக்கிக் காட்டினான். பக்கத்தில் ஒரு மர வாங்கு. அதில் இருத்தப்பட்டவர்களில் சிலர் எப்போது எழும்பினார்கள் என்று ஊருக்குத் தெரியாது.

“அங்க இரு,” என்றான் சிப்பாய்.

மங்கையற்கரசி சோதனை முடிந்து பாலத்தில் கால் வைத்துவிட்டாள். போயிருக்கலாம். திரும்பினாள். இராசாத்தியின் நடைக்கு அந்தப் பத்தடி வந்துசேர ஒரு யுகம் ஆனது... மங்கையற்கரசி தன் அடையாள அட்டையை நீட்டினாள்.

“இவர் எங்களோட வாறவர், ஐயா. பிள்ளைய நடத்திக்கொண்டு போறதுக்கு. இவருக்கு நான் பொறுப்பு. என்ட நம்பர எழுதுங்க.”

சிப்பாய் அவளைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், எழுதினான். போகச் சொன்னான்.

பாலத்தின் நடுவில்தான் நோபேட்டுக்குக் குரல் வந்தது.

“மெஷின் ஒண்டும் இல்ல. உங்களப் பாக்கத்தான் வாறன். எனக்காக ஏன் பொய் சொல்லி மாட்டுப்படுறீங்க?”

“நான் எங்க பொய் சொன்ன?” அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீங்க வராத செவ்வாய் எண்டு நினைச்சாலே... இந்தப் பாலம் எனக்கு முடியிறதே இல்ல.”

நோபேட் பதில் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. நல்லவேளை, இராசாத்தி மழையிலேயே குந்திவிட்டாள். தேட நேரம் இருந்தது.