ஆள் இருக்கு

வண்டிக்காரர் கை குலுக்கியது இடது கையால். வலது கை, மோட்டார் சைக்கிளோடு ஒட்டியிருந்த சைடுகாரின் காலி இருக்கைமேல் இருந்தது. சும்மா வைத்த கையாகத் தெரியவில்லை. கூட்டமான பஸ்ஸில் தெரிந்தவருக்கு இடம் பிடித்து வைத்திருப்பவரைப் போல விரல்களை விரித்து, கொஞ்சம் அழுத்தி வைத்திருந்தார். இத்தனைக்கும் அந்த ஷெட்டில் அவரையும் வந்திருந்த கணவன் மனைவியையும் தவிர ஈ காக்காய் இல்லை. மனைவி ஒரு காலை உள்ளே வைத்து, மறுகாலை இழுத்துக்கொண்டு, சால்வையை ஒதுக்கி, முழுசாக உட்கார்ந்து முடித்த பிறகுதான் அந்தக் கை எழுந்தது.

"ஏங்க, பாத்தீங்களா? சீட்டை விட்டுக் கையை எடுக்கவே இல்லை அந்த ஆளு."

"ம்" என்றார் அவள் கணவரான கண்ணாடிக்கடைக்காரர்.

அவருடைய "ம்"மைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் பிறத்தியார் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர் அவர். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக் கேட்டே பிழைப்பு நடக்கிறது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது காதையும் கழற்றி வைத்துவிடுவார். மனைவி கணக்கு டீச்சர். பதில் சொல்லாத பிள்ளையை விடாத பழக்கம் அவளுக்கு. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு "ம்" வைத்தால் போதும். அந்த "ம்"மால் வீட்டுக்கு ஒரு பூனை வந்தது. ஊதா நிறத் திரைச்சீலை வந்தது. ஒருமுறை வீடே மாறியது. அன்று மாலை பழைய வீட்டுக்குப் போய்ப் பூட்டில் சாவியைத் திணித்துத் திணித்துப் பார்த்தபோது, உள்ளேயிருந்து முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் திறந்து யார் வேண்டும் என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் அவருக்குத் தெரிந்தது.

போன மாதம் அவள், தங்கை வீட்டோடு போய் இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன் என்றாள். அதற்கும் "ம்" என்றார். பெட்டி கட்டுவதைப் பார்த்துத்தான் பதறினார். ஒரு வாரம் கெஞ்சியதில் கடைசியாக ஒன்றுக்கு ஒத்துக்கொண்டாள். இருவரும் இந்தத் தீவு நகரத்துக்குப் போவது, ஒருநாள் முழுக்க அவள் சொல்வதை அவர் கேட்பது, வார்த்தைகளில் பதில் சொல்வது. அந்த ஒருநாளில் தேறினால் பெட்டியைப் பிரிப்பாள். தேறாவிட்டால் பெட்டி அப்படியே தங்கை வீட்டுக்குப் போகும்.

அதனால் சைடுகார் கிளம்புவதற்குள் ஒரு "ம்" விழுந்துவிட்டதில் அவருக்கே உறுத்தல். "பாத்தேன். விசித்திரமான ஆளுதான்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். அவள் ஹெல்மெட்டுக்குள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர் காதுக்குள் கேட்டது. மூன்று ஹெல்மெட்டிலும் ஆளுக்கொரு ஸ்பீக்கரும் மைக்கும் வைத்திருந்தார் வண்டிக்காரர். யார் முணுமுணுத்தாலும் மற்ற இருவருக்கும் கேட்கும். ஊரில் அவருக்குக் கேப்டன் என்று பெயர். படகில் ஏறினாலே வாந்தி எடுக்கிறவர் என்று அவரே சொன்னார்.

கேப்டன் முன்னால், கண்ணாடிக்கடைக்காரர் பின் சீட்டில், அவள் பக்கத்துத் தொட்டிலில் என்று ஊரைச் சுற்றினார்கள். துறைமுகத்துக் கிடங்குகளின் தார் வாசனை, துணி உலரும் சந்துகள், சைடுகாரின் சக்கரம் நடைபாதையில் ஏறி இறங்கும்போது அவள் போடும் சின்னக் கூச்சல். குன்றின் மேல் போகிற ரோட்டில், கீழே வீட்டுக் கூரையெல்லாம் தீப்பெட்டி அடுக்கின மாதிரி இருக்கு என்று அவர் ஒரு முழு வாக்கியம் பேசினார். அவள் திரும்பி, வேறு யாரோ பேசினதுபோல நிமிர்ந்து பார்த்தாள். தேறிவிடுவோம் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் கேப்டன் வண்டியைக் கல்பாதையில் இறக்கினார். தீவிலிருந்து ஒரு சின்னத் திட்டுக்குக் கடலை வகுந்துகொண்டு போகிற ஒற்றைப் பாதை அது. கடல் இறங்கியிருக்கும்போது மட்டும் வெளியே தெரியும். இருபுறமும் பாசி பிடித்த கல், ஈரச் சேறு, எங்கோ தண்ணீர் கல்லிடுக்கில் புகுந்து வெளியேறும் களக் களக் சத்தம். திட்டை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வரும்போது, பாதி வழியில் ஒரு வளைவு. அங்கே பாதை கொஞ்சம் அகலம், ஓரத்தில் ஒரு பாறை. கேப்டன் எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினார். பாறைக்குப் பின்னால் கடலுக்குள் இறங்கும் கல்படிகள் இருப்பதாகவும், பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சட்டென்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"இந்த வளைவுல மட்டும் நாங்க யாரும் காலி சீட்டை விட்டு வைக்க மாட்டோம். அம்மா இறங்கினா சார் கையை வச்சிக்கணும். ஏதாவது கேட்டா, ஆள் இருக்குன்னு சொல்லுங்க. பேசாம இருந்தாலும் தப்பில்லை. சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க."

எது கேட்கும் என்று அவள் விசாரித்தாள். அதை யாரும் கேட்டதில்லை, அதுதான் கேட்கும் என்றார் கேப்டன், முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல். அவள் சிரித்துவிட்டாள். சுற்றுலா வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கும் கதை என்று கண்ணாடிக்கடைக்காரரும் நினைத்தார். ஆனால் வாடிக்கையாளருக்காகக் கதை சொல்கிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்வார். இவர் கடலைப் பார்த்துச் சொன்னார்.

அவள் சால்வையை இருக்கையிலேயே போட்டுவிட்டு, ஹெல்மெட்டோடு இறங்கினாள். "படியைப் பாத்துட்டு வந்துடுறேன். நான் வராம கிளம்பிடாதீங்க" என்றாள். "நீ வராம எங்க போறது?" என்றார் அவர். கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டிவிட்டு, தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்க முன்னால் நடந்தார். கண்ணாடிக்கடைக்காரர் பின் சீட்டில் உட்கார்ந்தபடி குனிந்து, சால்வைமேல் கையை வைத்துக்கொண்டார்.

வைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மூக்குக்கண்ணாடி முழுக்க உப்புத் துளி. மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. அவருக்கோ அடுத்தவர் கண்ணாடியில் அழுக்கு இருந்தாலே கை அரிக்கும். ஒற்றைக் கையால் துடைத்துப் பார்த்தார். அப்பிக்கொண்டது. கண்ணாடி துடைக்க இரண்டு கை வேண்டும்.

கழற்றினார். உலகம் சாம்பலாகக் கரைந்தது. சட்டைப் பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்து, வாயால் ஊதி, வட்ட வட்டமாகத் துடைத்தார். வலது வில்லை முடிந்தது. இடது வில்லையின் ஓரத்தில் ஒரு பொட்டு போகமாட்டேன் என்றது. கடைக்காரர் மனசு முழுக்க அந்தப் பொட்டில் இருந்தது. காதுக்குள் அவள் குரல் ஏதோ சொன்னது, கொஞ்சம் நிறுத்தியது. அந்த இடைவெளி அவருக்குப் பழக்கமான இடைவெளி.

"ம்" என்றார்.

சைடுகாரின் ஸ்பிரிங் கிறீச்சென்று இறங்கியது. கடைக்கண்ணில் சால்வையின் நிறம் மங்கலாக எழுந்து அமர்ந்தது. கேப்டன் ஓடிவந்தார். தண்ணீர் வேகமாக ஏறுவதாகச் சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டித் தாவி ஏறினார்.

"அம்மா ஏறியாச்சா?"

"ஏறியாச்சு" என்றார். வார்த்தையில் பதில் சொல்லிவிட்ட திருப்தி அவருக்கு.

வண்டி நகர்ந்தது. காதுக்குள் அவள் பேசிக்கொண்டே வந்தாள். திரைச்சீலையைப் பற்றி, பூனையைப் பற்றி, குழாய் ஒழுகுவதைப் பற்றி, மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றி. நல்லவேளை, போன மாதத்துக் கோபம் தணிந்துவிட்டது என்று எண்ணி, கவனமாகக் கேட்கத் தொடங்கினார். எந்த இடத்தில் பதில் சொல்வது என்று காத்திருந்தார். இடம் வரவில்லை. குழாயிலிருந்து கைப்பிடிக்கு, கைப்பிடியிலிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து மறுபடி பூனைக்கு, ஒரே நூலாக, முடிச்சில்லாமல், அறுபடாமல் வந்துகொண்டிருந்தது பேச்சு. இத்தனை வருஷத்தில் அவள் மூச்சு வாங்குகிற இடம் அவருக்கு மனப்பாடம். இந்தக் குரல் மூச்சே வாங்கவில்லை.

ஏதோ நாறியது. மூடி வைத்த கிணற்றைத் திறந்ததுபோல.

"வண்டி ஏன் இந்தப் பக்கமா இழுக்குது?" என்று கேப்டன் முனகினார். ஹேண்டிலை இரண்டு கையாலும் மறுபக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். முன்பு அவள் உட்கார்ந்திருந்தபோது சைடுகார் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளியது. இப்போது துள்ளவில்லை. தரையோடு தேய்ந்துகொண்டு வந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் மெதுவாக, இவ பேசுறது உங்களுக்குக் கேக்குதா என்றார்.

"கேக்குது சார். அதைத்தான் நானும் யோசிக்கிறேன்." என்றார் கேப்டன். "பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஏன் அவ்வளவு தூரத்துல இருந்து கூப்பிடுறாங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் கூர்ந்து கேட்டார். குழாயையும் பூனையையும் சொல்லிக்கொண்டிருந்த குரலுக்கு அடியில், கரகரவென்ற இரைச்சலுக்குள், இன்னொரு குரல். மெல்லியதாக. அதே குரல்.

"ஏங்க... ஏங்க..."

ஒவ்வொரு தடவைக்கும் பிறகு ஒரு மூச்சு. ஒரு காத்திருப்பு.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து சைடுகாரைப் பார்த்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஒரு பொட்டு இல்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

சால்வை தலையோடு போர்த்தியிருந்தது. சால்வைக்குள் ஹெல்மெட் இல்லை. மைக் இல்லை. சால்வையின் ஓரங்களிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வடிந்தது. வடிந்துகொண்டே இருந்தது.

"ஆள் இருக்கு" என்றார். மறுபடி சொன்னார். "இங்க ஆள் இருக்கு."

"ஆமா" என்றது காதுக்குள் குரல், பிரியமாக. "அதான் வந்துட்டேனே."

கேப்டன் பக்கக் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். பார்த்ததும் திருப்பி வைத்துவிட்டார். அவருடைய தோள் இரண்டும் காதுவரை ஏறின.

"என்ன சொன்னீங்க சார்? அது கேட்டப்ப?"

"ம்னு... சொல்லிட்டேன்."

"அதுவும் சரின்னதுதான். இனி அதை நாம இறக்க முடியாது."

வண்டியைத் திருப்புங்க என்று கத்தினார் கண்ணாடிக்கடைக்காரர். கேப்டன் முடியாதென்று தலையை மட்டும் ஆட்டினார். பாதையின் அகலம் வண்டியின் அகலம். பின்னால் கல் தெரியவில்லை. பாதையும் கடலும் ஒன்றாகிக்கொண்டு வந்தன. குதித்து அவளிடம் ஓடிவிடலாம் என்று காலைத் தூக்கினார். முழங்காலில் ஒரு கை இருந்தது. நாள்கணக்கில் தண்ணீரில் ஊறிய கை. தோல் தனியாக, எலும்பு தனியாக. கல் வைத்த மாதிரி கனம். ஆனால் அது தட்டிக்கொடுத்த விதம் அவளுடையது.

அவர் கழுத்தைத் திருப்பினார்.

வளைவில் அவள் தெரிந்தாள். ஹெல்மெட்டோடு. பாறையில் ஏறலாம். ஏறாமல் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். தண்ணீர் முழங்கால் வரை. இரண்டு கையையும் வீசினாள். இரைச்சலுக்குள் அவள் குரல் நூலாக இழைந்து வந்தது.

"ஏங்க... கேக்குதா? என்னை விட்டுட்டுப் போறீங்களே."

பாறைமேல் ஏறிக்கோ. அதைத்தான் சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

அப்போது மைக்கில் அவர் குரல் பேசியது. அவருடைய குரலேதான். அவர் உதடு அசையவில்லை. நிதானமாக, அழகாக, முழு முழு வாக்கியமாகப் பேசியது.

"கேக்குதும்மா. நீ சொல்றதெல்லாம் கேக்குது. இதோ வண்டியைத் திருப்பிட்டு வந்துடுறேன். பாறைல ஏறாத, வழுக்கும். நான் வர்ற வரைக்கும் அங்கேயே நில்லு."

இரைச்சல். பிறகு ஒரு மூச்சு. பிறகு, இந்தப் பயணம் முழுக்க அவர் கேட்க ஆசைப்பட்ட அந்தச் சந்தோஷம் அவள் குரலில்.

"சரிங்க. நிக்கிறேன்."

அவள் கைகளைத் தாழ்த்திக்கொண்டாள். முழங்காலில் இருந்த கை எழுந்து அவர் தாடையைத் தொட்டு, மெல்ல, முன்பக்கம் திருப்பியது.

"முன்னாடி பாருங்க. கழுத்து பிடிச்சிக்கும்."

கேப்டன் திருப்பி வைத்திருந்த பக்கக் கண்ணாடிக்குள் கடல் முழுவதும் தெரிந்தது. பாதை இல்லை. தட்டையான தண்ணீரின் நடுவில், இடுப்புவரை, இந்தப் பக்கமே பார்த்தபடி, ஒருத்தி அசையாமல் நின்றிருந்தாள்.