பின் படுக்கைக்கு அடியில்

மலைப்பாதை ஏறத் தொடங்கியதுமே கேரவனுக்குள் அந்த வாடை கிளம்பிவிட்டது. மழைக்காகக் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றியிருந்தார்கள். நனைந்த செருப்பின் ஈரவாடை, பிளாஸ்கில் ஆறிப்போன காபி, மூடுபனிக்குள் முக்கி முனகி ஏறும் எஞ்சினின் சூடு, எல்லாவற்றுக்கும் கீழே மெல்லிசாக, அழுகின முட்டை வாடை.

ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இருக்கையில் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "அப்பா, காலையில என்னத்த சாப்ட்டீங்க?"

மேசையருகே உட்கார்ந்திருந்த மாமனாரின் முகம் சுருங்கிப்போனது. "எனக்கே தெரியலம்மா. வயசாச்சுல்ல. மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, நான் உள்ள போய்ப் படுத்துக்கறேன்."

பின்னறையின் இழுப்புக் கதவு சாத்திக்கொண்டது.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குத் தெரியும், வாடை பெரியவருடையது அல்ல. விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்குமான பேட்டரி அந்தப் படுக்கைக்கு அடியில்தான் இருந்தது. வண்டி ஓடும்போதே அது சார்ஜ் ஆகட்டும் என்று எஞ்சினிலிருந்து நேராக வயர் இழுத்து மாட்டியவன் அவன்.

"நேரா மாட்டிடாதீங்க சார். நடுவுல அதுக்குன்னு ஒரு சார்ஜர் வரணும். இல்லன்னா பேட்டரி கொதிச்சுடும், அந்தக் காத்து விஷம்" என்று பேட்டரிக் கடைக்காரர் அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டார். மிக்ஸி முதல் மோட்டார் வரை கழற்றி மாட்டுகிறவனுக்கு ஒரு வயர் இழுக்கத் தெரியாதா? வண்டியைச் சுற்றிக் காட்டியபோது மாமனார் வாய் நிறையச் சிரித்தார். "மாப்பிள்ளை கை பட்டா எதுவும் ஓடும்." அந்த ஒரு வார்த்தைக்கு அவன் ஒரு வாரம் மிதந்தான்.

இப்போது ஓரங்கட்டி அந்த வயரைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். அவன் செய்த தப்புக்குப் பெரியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்ச் சுருண்டு படுத்திருக்கிறார், அதைக் கேட்டுக்கொண்டு அவன் வாயை மூடியிருந்தான் என்பதும் தெரிந்துபோகும். வெட்கத்தில் அவனுக்குக் காது மடல் சுட்டது. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

"மாமா, நல்லாருக்கீங்களா?"

பின்னாலிருந்து டொக் என்று ஒரு தட்டு.

"பாவம், வாயைத் திறக்கக்கூட வெக்கப்படுறார்" என்று சிரித்த மனைவி, தன் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

மூடுபனி அடர்ந்தது. முகப்பு விளக்கின் வெளிச்சம் முன்னால் போகாமல் கண்ணாடியிலேயே வந்து முட்டியது. வாடை குறைந்தது. பிறகு அறவே இல்லை. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அப்படி இருந்ததற்காகவும் கூசினான்.

"மாமா?"

டொக்.

கேட்காதபோதும் ஒன்று. டொக்.

உச்சியில் நிறுத்தினான். எஞ்சின் அடங்கியது. மழையும் ஓய்ந்திருந்தது. பின்னால் ஏதோ சீறியது. கொதிக்கும் கெட்டில் போல. நிற்காமல்.

எழுந்து போனான். கதவில் கை வைத்தான். சூடு.

"மாமா."

டொக்.

இழுத்தான். நகரவில்லை. கதவின் இடுக்கு முழுக்கத் துண்டு. உள்ளிருந்து அடைத்திருந்தார். ஓர் இழை காற்றுக்கூட வெளியே வராதபடி, பார்த்துப் பார்த்து. தன் வாடை பிள்ளைகளுக்கு வரக்கூடாதென்று.

தோளால் மோதித் திறந்தான். தொண்டை எரிந்தது. கண் கரித்தது.

பெரியவர் படுக்கையில் சுவரோடு சாய்ந்திருந்தார். ஜன்னல் சாத்தியபடி இருந்தது. கண்கள் திறந்திருந்தன. உதடு நீலம். இரண்டு கைகளும் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தன. விரல்கள் விறைத்திருந்தன. வெகு நேரமாக.

"அப்பா, எழுந்திரிங்க. வந்தாச்சு" என்று முன்னாலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

மெத்தை மெல்ல உப்பி எழுந்தது. அடியில், பேட்டரியிலிருந்து பதில் வந்தது.

டொக்.