மூன்றாம் குன்றின் கல்யாணச் சேவல்

"அண்ணை, ஒரு களவு நடந்திருக்கு. ஆர் கள்ளர் எண்டுதான் தெரியேல்லை" என்றபடி தர்மபுரம் வாசிகசாலைச் செயலாளர் பத்மாசனி இரண்டு கொப்பிகளை மேசையில் வைத்தாள்.

நீதிமன்றத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற சின்னராசா மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள், அவருடைய மனைவி விமலேஸ்வரி ஒரு கொப்பியைத் திறந்துவிட்டாள்.

அது 1981ஆம் ஆண்டுச் சிறுவர் கதைப் போட்டி. வெல்லும் கதை புத்தகமாக அச்சாகும். வந்தவற்றில் இரண்டு ஒரே கதை: ஏழு குன்றுகள் கொண்ட ஒரு கற்பனை நாடு, குன்றுக்கு ஒரு சமையல். திங்களன்று வந்ததை எழுதியவர் வாசிகசாலை உபதலைவர் அப்புத்துரை. வியாழன் வந்தது மீனம்மாவுடையது. அவள் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓடி வந்து குடியேறியவள்.

"தன்ரை வயலுக்குப் புல்லுப் பிடுங்க வந்தவள் மேசையிலை கிடந்ததைப் பாத்து எழுதிப்போட்டாள் எண்டு அவர் சொல்லுறார். பிழை திருத்தித் தரச் சொல்லி அவரிட்டைக் குடுத்தனான் எண்டு அவள் சொல்லுறாள். கள்ளி எண்ட பேர் வந்தால் அவளை ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடாயினம்" என்றாள் பத்மாசனி.

விமலேஸ்வரி இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டாள். மூன்றாம் குன்றின் கல்யாண விருந்து இரண்டிலும் ஒன்றுதான்: 'தேன் தடவிய சேவலைக் கவ்வாத்தின் மேல் தொங்கவிட்டு வாட்டுவார்கள். கவ்வாத்து சாம்பலானதும் இறக்குவார்கள்.' அப்புத்துரையின் கொப்பியில் மட்டும் முன்னால் ஒரு வரி அதிகம்: 'அரண்மனைக் குளத்தில் கவ்வாத்துகள் நீந்தின.'

"பாத்தியளே! அவரின்ரைதான் முழுக்கதை. அவள் அவசரத்திலை ஒரு வரியை விட்டிட்டாள்" என்றாள் விமலேஸ்வரி. கூலி வேலைக்குப் போகிறவளின் தலைக்குள் ஒரு நாடே இருக்கும் என்று அவளால் நம்ப முடியவில்லை.

சின்னராசா அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தார். "ரெண்டு பேரையும் பின்னேரம் வாசிகசாலைக்கு வரச் சொல்லு, பத்மாசனி."

பின்னேரம் அப்புத்துரை கதிரையில் சாய்ந்திருந்தார். மீனம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்புகிறாளே, குற்றமுள்ள நெஞ்சோ என்று விமலேஸ்வரி சந்தேகத்தோடு பார்த்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. மூன்றாம் குன்று விருந்துக்கு எத்தினை பறவை வேணும்?" என்றார் சின்னராசா.

"ரெண்டு. ஒரு சேவல், ஒரு கவ்வாத்து. அது நான் கற்பனை செய்த வாத்து" என்றார் அப்புத்துரை.

மீனம்மா நிமிர்ந்தாள். "வாத்தா? ஒன்னுதாங்க, சேவல் மட்டும். தேயிலைச் செடிய மட்டமா வெட்டிவிடுறதுதாங்க கவ்வாத்து. வெட்டின குச்சியத்தான் வெறகுக்குச் சுமப்போம். அதையும் எங்க வீட்ல கவ்வாத்துன்னுதான் சொல்லுவோம்."

"கற்பனை நாட்டிலை எந்தச் சொல்லும் எதுவாயும் இருக்கலாம்" என்றார் அப்புத்துரை வேகமாக.

"இருக்கலாம்" என்று அமைதியாக ஒத்துக்கொண்டார் சின்னராசா. "ஆனால் அந்த வாத்தை ஏன் எரிச்சுச் சாம்பலாக்கினியள்? ஆரும் அதைச் சாப்பிடேல்லையே. விறகெண்டால் சாம்பலாகும். உங்களுக்குச் சொல் விளங்கேல்லை. விளங்கவைக்க ஒரு குளத்தை வெட்டி அதை நீந்த விட்டியள். ஆனால் அவ எழுதின சாம்பலை அழிக்க மறந்துபோனியள்."

காலையில் தான் சொன்னதை நினைக்க விமலேஸ்வரிக்கு முகம் சுட்டது. பத்மாசனி அப்புத்துரையின் கொப்பியை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

அவர் எழுந்து வாசலுக்குப் போனபோது மீனம்மா கூப்பிட்டாள். "ஐயா, இது நல்லால்ல, போட்டிக்கு அனுப்பாதன்னு சொல்லித்தானே கொப்பிய திருப்பிக் குடுத்தீங்க. அப்புறம் ஏங்க நீங்க அனுப்புனீங்க?"

அப்புத்துரை திரும்பிப் பார்க்கவில்லை. "நல்லா இருந்தபடியாத்தான்" என்றார்.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க" என்றாள் மீனம்மா.